"ரோடு போட்டால்தான் வரி" என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு

போன வாரம் இன்னொரு நலச்சங்கம் என் அலுவலகத்துக்கு வந்தது. இந்த அரையாண்டில் மட்டும் இது நான்காவது. தென்சென்னையில், 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி, 42 வீடுகள். பாதாளச் சாக்கடைக்கு வெட்டிய தெருவை ஒழுங்காக மூடித் தரவில்லை என்று எல்லோரும் சேர்ந்து சொத்து வரி கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். சங்கத்தின் செயலாளர் மாநகராட்சி பட்ஜெட் பற்றிய ஒரு பத்திரிகைத் துண்டை மேஜையில் வைத்து, "எட்டாயிரம் கோடிக்கு மேல பட்ஜெட் சார், எங்க தெருவுக்கு நாலு லட்சம் கிடையாதா?" என்றார்.

கோபம் நியாயமானது. அந்தத் தெருவில் நானும் நடந்து பார்த்தேன், ஆட்டோ உள்ளே வராது. ஆனால் எடுத்த முடிவு தப்பு. உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்வதே என் தொழில் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அந்த எட்டாயிரம் கோடி கஜானாவில் இருக்கிற பணம் இல்லை. மதிப்பீடு. வருஷம் தொடங்கும் முன்பே, இவ்வளவு வரலாம், இவ்வளவு செலவாகலாம் என்று போட்ட கணக்கு. அதிலும் இரண்டு தனிப் பெட்டிகள், அன்றாட வரவு செலவுக்கான வருவாய்க் கணக்கு, புதிதாகக் கட்டும் பெரிய வேலைகளுக்கான மூலதனக் கணக்கு. கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கட்டும் மழைநீர் வடிகால், கோவளம் பக்கம் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடனில் கட்டும் வடிகால், இதெல்லாம் மூலதனப் பெட்டி. கடன் எதற்காக வந்ததோ அதற்குத்தான் செலவாகும், அதிலிருந்து ஒரு ரூபாயை உருவி உங்கள் தெருவின் பள்ளத்தை மூட முடியாது. இதைப் புரியவைக்கத்தான் எனக்கு அரை மணி நேரம் ஆகிறது, ஒவ்வொரு சங்கத்துக்கும். சாக்கடைக்காகத் தெருவை வெட்டியது குடிநீர் வாரியம். அது 1978-இல் இருந்து தனி அமைப்பு, வரவு செலவும் தனி. சொத்து வரி ரசீதில் இருக்கிற நூலக வரிகூட மாநகராட்சிக்கு நிற்பதில்லை, நூலகத்துக்குப் போகிறது.

அன்றாடப் பராமரிப்புக்கு மிஞ்சுவது வருவாய்க் கணக்குதான். சொத்து வரி, தொழில் வரி, பத்திரப்பதிவின்போது வாங்கும் கூடுதல் தீர்வையில் வரும் பங்கு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி அரசு தரும் பங்கு. இதில் தொழில் வரி பெரிதாக ஏறாது, அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு ஒருவருக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய் என்று கட்டிப்போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆக மாநகராட்சி தன் கையால் வசூலிக்கக்கூடிய பெரிய தொகை சொத்து வரி ஒன்றுதான்.

இப்போது அக்டோபரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உண்மையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று ஒவ்வொரு துறையும் கணக்கெடுக்கும். அதை வைத்துத்தான் திருத்திய மதிப்பீடு. வரவு குறைந்தால் எதையாவது வெட்ட வேண்டும். சம்பளத்தை வெட்ட முடியாது, ஓய்வூதியத்தை முடியாது, குப்பை அள்ளும் ஒப்பந்தத்தை முடியாது, கடன் தவணையையும் முடியாது. வெட்டக்கூடியதாக மிஞ்சுவது தெருவிளக்குப் பழுது, பூங்கா, பள்ளம் மூடும் வேலை, ஒப்பந்ததாரர் பில். பில் தேங்கினால் அடுத்த டெண்டருக்கு ஆள் வருவதில்லை. என்னிடம் கணக்கு பார்க்க வரும் சின்ன ஒப்பந்ததாரர்கள் வெளிப்படையாகவே சொல்கிறார்கள், பழைய பாக்கி வராமல் புது வேலை எடுக்க மாட்டோம் என்று. நீங்கள் நிறுத்திவைத்த வரி, நீங்கள் கேட்கிற வேலையிலேதான் முதலில் விழுகிறது.

உங்களுக்கு ஆகும் நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் செயலாளருக்கு அரையாண்டு வரி 6,200 ரூபாய். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது அக்டோபர் 30-க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை (உச்சவரம்பு 5,000 ரூபாய்), அவருக்கு 310 மிச்சம். கட்டாமல் தாமதமானால் மாதம் 1 சதவீதத் தனிவட்டி, மாதாமாதம் 62 ரூபாய். நிலுவை அந்தச் சொத்தின் தலையிலேயே நிற்கும், வீட்டை விற்றுப் பெயர் மாற்றப் போகும்போது நிச்சயம் எதிரே வந்து நிற்கும். சங்கத் தீர்மானத்தைக் காட்டி வட்டியைத் தள்ளுபடி செய்ய முடியாது, தயவுசெய்து அப்படி யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

வரி அதிகம் என்பது வேறு பிரச்சினை, அதை இதோடு கலக்காதீர்கள். 2022-இல் உயர்த்தியபோது 600 சதுர அடிக்கு ஒரு விகிதம், 1,800-ஐத் தாண்டினால் இன்னொரு விகிதம் என்று வந்ததால் பரப்பளவு தப்பாகப் பதிவாகியிருந்தால் தொகையே மாறிவிடும். மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் நான்கையும் ரசீதோடு ஒத்துப் பாருங்கள், பரப்பளவைப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள், தப்பு இருந்தால் எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது எதற்கும் உதவாது.

அப்புறம் பட்ஜெட் புத்தகத்தைப் பார்ப்பதாக இருந்தால் தலைப்பில் போடும் மொத்தத் தொகையை விடுங்கள். உங்களுக்கு வேண்டிய செலவு இனத்தில் முந்தைய வருஷத்தின் உண்மைச் செலவு, இந்த வருஷத்து மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சாலைப் பராமரிப்பில் மதிப்பீடு பெரிதாக இருந்து திருத்திய மதிப்பீடு சுருங்கியிருந்தால், அதைத்தான் கவுன்சிலரிடமும், வார்டுக்குள் நடக்கும் மக்கள் கூட்டமான பகுதி சபாவிலும் எண்ணோடு கேட்க வேண்டும். "எட்டாயிரம் கோடி எங்கே?" என்று கேட்டால் பதில் வராது.

அந்தச் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு தகவல் உரிமை மனு. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வி இரண்டுதான். தெருவை வெட்டிய துறை சீரமைப்புத் தொகையை மாநகராட்சிக்குக் கட்டிவிட்டதா, எந்தத் தேதியில்? கட்டவில்லை என்றால், மூடித் தர வேண்டிய பொறுப்பு அதன் ஒப்பந்ததாரருடையதா? செயலாளர் மனுவை வாங்கிக்கொண்டு, போகும்போது வாசலிலேயே நின்று போனில் தன் வரியைக் கட்டினார். மீதி 41 வீடுகளும் மாதக் கடைசிக்குள் கட்டிவிட வேண்டும் என்பதுதான் இப்போது என் கவலை.