ஹைபிரிட்ல இருந்து ரோட் பைக்குக்கு மாறினா ஸ்பீடு எவ்வளவு கூடும்? வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பதினாலு வருஷமா சைக்கிள் ரிப்பேரும் ஃபிட்டிங்கும் (ஓட்டுறவங்க உடம்புக்கு ஏத்த மாதிரி வண்டிய சரி பண்றது) பண்றேன். ஹைபிரிட்னா நேர் ஹேண்டில்பாரும் தடி டயரும் வெச்சு நிமிர்ந்து ஓட்டுற சைக்கிள், ரோட் பைக்னா கீழ வளைஞ்ச ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் வெச்சு குனிஞ்சு ஓட்டுற சைக்கிள். ஹைபிரிட் வாங்கி ஆறு மாசம் ஒரு வருஷம் ஓட்டினவங்க வந்து கேக்குறது பெரும்பாலும் ஒரே கேள்விதான், "ரோட் பைக் வாங்கினா எத்தனை கிலோமீட்டர் ஸ்பீடு கூடும்?" கேக்கும்போதே அவங்க மனசுல ஒரு நம்பர் இருக்கும், பத்து, பதினஞ்சுன்னு. மூணுல இருந்து நாலுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க, ஏதோ வாங்க விடாம தடுக்குறேன்னு நினைச்சுக்குவாங்க. இந்த நம்பர் தெரியாம அவசரப்பட்டு மாத்தி, கழுத்து வலியோட, விரல் மரத்துப் போயி, பிரேக் சரியா பிடிக்காத வண்டியோட திரும்பி வர்றவங்கள நிறைய பாத்துட்டேன், அதான் உக்காந்து எழுதுறேன்.

முதல்ல கணக்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோன்னு வெச்சுக்கோங்க, சமமான ரோடு, காத்து அடிக்கல. ஹைபிரிட்ல நிமிர்ந்து உக்காந்து மணிக்கு 25 கி.மீ.ல போக சுமார் 145 வாட்ஸ் வேணும். அதுல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு காத்தைக் கிழிச்சுட்டுப் போறதுக்கே போயிடுது, மிச்சம் டயர் உருளுறதுக்கு. அதே 145 வாட்ஸ ரோட் பைக்ல, ஹூட்ஸ்ல (பிரேக் லிவர் மேல இருக்கிற ரப்பர் பிடி) கை வெச்சு மிதிச்சா 28, 29 வரும். உயரம், உடம்பு வாகு, டயர் இதையெல்லாம் பொறுத்து ஒண்ணு ஒண்ணரை இப்படி அப்படி மாறும், ஆனா பத்து பதினஞ்சுங்கறது அதே காலை வெச்சு நடக்காது. 20 கி.மீ. தூரத்துக்கு இதை நேரமா மாத்திப் பாத்தா 48 நிமிஷம் எடுத்தது 42 நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். நிறைய சிக்னல், டிராஃபிக் இருக்கிற வழியில அந்த ஆறு நிமிஷமும் மிஞ்சாது, ஏன்னா நேரம் போறது நிக்கிறதுலயும் திரும்ப கிளம்புறதுலயும்தான்.

ஹைபிரிட் ஓட்டுறவங்க எல்லாருமே சொல்ற ஒரு விஷயம் இருக்கு, "25 வரைக்கும் ஈசியா வருது, அதுக்கு மேல யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு"ன்னு. உண்மைதான், இழுக்கிறது காத்து. வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்கு ஆகும், அதைத் தள்ள வேண்டிய பவர் எட்டு மடங்கு. அதே ஹைபிரிட்ல 25ல இருந்து 30க்கு போகணும்னா 145 வாட்ஸ் பத்தாது, 220 கிட்ட வேணும், அதாவது ஒண்ணரை மடங்கு. அஞ்சு கிலோமீட்டர்தானேன்னு தோணும், ஆனா கால் சொல்லிடும் அது எவ்வளவு பெருசுன்னு.

இந்தக் காத்து எதிர்ப்புல பெரும்பங்கு உங்க உடம்புதான், வண்டி கொஞ்சம்தான். ஹைபிரிட்ல ஹேண்டில்பார் அகலம் 60 செ.மீ.க்கு மேல இருக்கும், கை விரிஞ்சு, நெஞ்சு நிமிர்ந்து, ஒரு பாய்மரம் மாதிரி காத்துக்கு நேரா நிக்கிறோம். ரோட் பைக்ல பார் 40ல இருந்து 44 செ.மீ.தான், உடம்பு முன்னாடி சாய்ஞ்சு சின்னதாயிடும். உக்கார்ற விதம் எவ்வளவு மாத்தும்கிறதுக்கு பழைய கதை ஒண்ணு இருக்கு. 1914ல ஆஸ்கார் எக்னு ஒருத்தர் ஒரு மணி நேரத்துல 44.247 கி.மீ. ஓட்டி ரெக்கார்ட் வெச்சார், கிட்டத்தட்ட இருபது வருஷம் யாராலயும் தாண்ட முடியல. 1933ல ஃபிரான்சிஸ் ஃபோர்னு முதல் வரிசை வீரர்னு கூட யாரும் சொல்லாத ஒருத்தர், ஷார்ல் மோஷே செஞ்ச சாய்ஞ்சு படுத்து மிதிக்கிற சைக்கிள்ல 45.055 கி.மீ. போயிட்டார். அடுத்த வருஷமே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த மாதிரி வண்டிய பந்தயத்துல இருந்து ஒதுக்கிட்டாங்க. உடம்பை மடக்கி வெச்ச விதம்தான் அங்க பெருசா வேலை செஞ்சுச்சு.

அடுத்தது டயர். ஹைபிரிட்ல பெரும்பாலும் 700x35ல இருந்து 40 வரைக்கும் (35, 40ங்கறது மில்லிமீட்டர்ல டயரோட அகலம்), பட்டன் பட்டனா கோடு போட்ட தடிமனான டயர்தான் வரும், கம்பெனில இருந்து வரும்போது நல்ல ரப்பர் போட்டு அனுப்புறது அபூர்வம். அதை கழட்டிட்டு வழுவழுன்னு இருக்கிற நல்ல 32 டயர் போட்டு, ஹேண்டில்பாருக்கு கீழ இருக்கிற ஸ்பேசர் (வளையம்) ரெண்ட எடுத்து மேல வெச்சு பார கொஞ்சம் இறக்கி, முழங்கையை மடக்கி ஓட்டிப் பாருங்க, அதே 145 வாட்ஸ்ல 26.5, 27 வந்துடும். ரோட் பைக்குக்கும் உங்களுக்கும் இருந்த இடைவெளில பாதி கிட்ட போயிடுச்சு. ரெண்டு வண்டியோட ரிம் விட்டமும் 622 மில்லிமீட்டர்தான்கிறதால டயர் கிடைக்கிறதும் கஷ்டமில்ல, ஆனா உங்க ரிம்மோட உள் அகலத்துக்கு எவ்வளவு ஒல்லி டயர் போடலாம்னு கேட்டுட்டு போடுங்க.

டயர் மாத்தினதும் எல்லாரும் பண்ற ஒரு தப்பு, காத்தை கல்லு மாதிரி அடிக்கிறது. ஒருத்தர் டயர் சைடுல அதிகபட்சம் 85 பிஎஸ்ஐன்னு (காத்து அழுத்தத்தோட அளவு) எழுதியிருக்க 110 அடிச்சுட்டு வந்தார், வெயில்ல நிறுத்தி வெச்ச இடத்துலயே வெடிச்சு டயர் ரிம்ம விட்டு வெளிய வந்துடுச்சு. ஓடிட்டிருக்கும்போது வெடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நினைச்சுப் பாப்பேன். ஹூக்லெஸ் ரிம்மா (டயர் ஓரத்தைப் பிடிக்கிற கொக்கி விளிம்பு இல்லாத ரிம்) இருந்தா இன்னும் கவனம், அதுக்கு 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐக்கு மேல போகவே கூடாது. சொரசொரப்பான ரோட்ல ரொம்ப இறுக்கமா காத்து அடிச்சா வேகம் கூடாது, குறையத்தான் செய்யும், வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளி உங்க சக்தி அதுல வீணாயிடும்.

கியர் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். "ரோட் பைக்ல பெரிய கியர் இருக்கு அதான் ஸ்பீடு"ன்னு நினைக்கிறவங்க நிறைய. முன்னாடி 48 பல்லு பின்னாடி 11 பல்லு இருக்கிற ஹைபிரிட்ல நிமிஷத்துக்கு 90 தடவை மிதிச்சா 51 கி.மீ. வரும். பின்னாடி 14 பல்லுதான் சின்னதுன்னாலும் 40 வரும். சமதரைல உங்க கியர் தீர்ந்து போறதுக்கு முன்னாடி உங்க மூச்சு தீர்ந்துடும்.

எடை மேடுலதான் பேசும். ஹைபிரிட் 11ல இருந்து 14 கிலோ, சாதாரண ரோட் பைக் 8ல இருந்து 10 கிலோ. மூணு கிலோ வித்தியாசம்னு வெச்சா, ஆளோட சேர்த்து 85 கிலோல அது நூத்துக்கு மூணரை பங்கு, செங்குத்தான மேட்டுல ஏறுற நேரமும் சுமார் அவ்வளவுதான் குறையும். முன்னாடி சஸ்பென்ஷன் ஃபோர்க் இருக்கிற ஹைபிரிட்னா கணக்கு கொஞ்சம் வேற, அந்த ஃபோர்க்கே ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும், எழுந்து நின்னு மிதிச்சா உள்ள போய் வெளிய வந்து சக்தியைத் தின்னும். லாக்அவுட் (ஃபோர்க் அசையாம பூட்டுற ஸ்விட்ச்) இருந்தா மேட்டுல போட்டுக்கோங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியமா சொல்ல வந்தது. "ஹைபிரிட் ஸ்லோவா இருக்கு"ன்னு வர்ற வண்டிய ஸ்டாண்ட்ல மாட்டி நான் பாக்குறப்ப பாதிக்கு மேல வண்டியோட குத்தமா இருக்கிறதில்ல. சக்கரத்தை சுத்தி விட்டா ஒரு பக்கம் பிரேக் பேட் உரசிட்டு இருக்கும். செயின் காஞ்சு கறுப்பா மண்ணு ஒட்டி இருக்கும். டயர்ல காத்து பாதிதான் இருக்கும். எல்லாத்தையும் விட, சீட் ரொம்ப கீழ இருக்கும், ஏன்னா நிக்கும்போது ரெண்டு காலும் தரையில முழுசா படணும்னு இறக்கி வெச்சிருப்பாங்க, அப்படி ஓட்டினா முழங்கால் முழுசா நீளவே நீளாது, பவரும் வராது, கொஞ்ச நாள்ல முட்டி முன்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும். குதிகாலை பெடல்ல வெச்சு அதை அடியில கொண்டு வந்தா கால் நேரா நீளணும், அப்புறம் பாதத்தோட முன்பகுதிய வெச்சு மிதிக்கும்போது முழங்கால்ல 25ல இருந்து 35 டிகிரி மடிப்பு இருக்கும், அதுதான் சரியான உயரம். இதை மட்டும் சரி பண்ணிட்டு அனுப்பினவங்க அடுத்த வாரம் வந்து "வண்டிய மாத்திட்டீங்களா"ன்னு கேட்டிருக்காங்க.

ரெண்டாவது, தயவுசெஞ்சு வீட்ல உக்காந்து வீடியோ பாத்து ஹைபிரிட்ல ட்ராப் ஹேண்டில்பார் (ரோட் பைக்ல வர்ற கீழ வளைஞ்ச பார்) மாட்டாதீங்க. ஹைபிரிட் ஃப்ரேம் நேர் பாருக்காக நீளமா செஞ்சது, அதுல ட்ராப் பார் போட்டா ஹூட்ஸ் இன்னும் பத்து செ.மீ. கிட்ட முன்னாடி போயிடும், நீங்க எட்டிப் பிடிச்சுட்டே ஓட்டணும். அதை விட பயப்பட வேண்டியது பிரேக். வி-பிரேக்குக்கு (நிறைய ஹைபிரிட்ல இருக்கிற, ரெண்டு நீளக் கையால ரிம்ம அழுத்துற பிரேக்) கேபிள் நிறைய இழுக்கணும், சாதாரண ரோட் லிவர் அவ்வளவு இழுக்காது, ரெண்டையும் கோத்தா பேட் ரிம்ம சரியா அழுத்துறதுக்குள்ள லிவர் பார்ல வந்து முட்டிடும். மெதுவா போகும்போது நிக்கிற மாதிரிதான் தெரியும், இறக்கத்துல தெரியும் நிக்கலைன்னு. அப்படி மாத்தின வண்டியோட ஒரு காலேஜ் பையன் தோள்ல கட்டோட வந்தான், வண்டிய சரி பண்ணி கேட்டான், நான் பழைய நேர் பாரையும் பழைய லிவரையும் மாட்டித்தான் கொடுத்தேன். வி-பிரேக்குக்குன்னே செஞ்ச ட்ராப் பார் லிவர் இருக்கு, அது தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட கேட்டு செய்யலாம், ஆனா கியர் ஷிஃப்டர், லிவர், பார், பாரைப் பிடிக்கிற ஸ்டெம்னு எல்லாம் மாத்துற செலவுக்கு பழைய ரோட் பைக் ஒண்ணு தேடுறது மேல். நேர் பார் மேல முன்கையை படுக்க வெச்சு குனிஞ்சு ஓட்டுறதும் வேண்டாம், 2021ல பந்தய வீரர்களுக்கே பாதுகாப்புக்காக அதைத் தடை பண்ணிட்டாங்க, அப்படி ஓட்டினா கை பிரேக்ல இருக்காது.

ரோட் பைக்கே வாங்குறீங்கன்னா, வாங்குங்க, நானும் ஓட்டுறேன், நீண்ட தூரத்துக்கும் எதிர்காத்துக்கும் அது தர்ற சுகம் ஹைபிரிட்ல வராது. ஆனா முதல் மாசம் கழுத்தும் தோளும் வலிக்கும், சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகலாம், அது உள்ளங்கை ஓரத்துல நரம்பு அழுந்துறதால. மரப்பு ஓட்டி முடிச்ச அப்புறமும் போகலைன்னா பல்லைக் கடிச்சுட்டு ஓட்டாம டாக்டர்கிட்ட காட்டுங்க, ஃபிட்டிங்கையும் பாக்கச் சொல்லுங்க. பெரும்பாலும் சைஸ் பெருசா வாங்கியிருப்பாங்க, இல்ல பார் ரொம்ப கீழ இருக்கும். பார் நடுவுல கை வெச்சு ஓட்டும்போது பிரேக் எட்டாதுங்கறதையும் மறந்துடாதீங்க, ஹைபிரிட்ல எப்பவும் விரல்கிட்டயே இருந்து பழகினவங்களுக்கு இதுதான் முதல் வாரம் தடுமாற்றம். 25ல போனவங்க 30ல போனா பிரேக் நிறுத்த வேண்டிய சக்தி 44 சதவீதம் கூடுது, ஒல்லி டயரும் ஈர ரோடும் சேர்ந்தா இன்னும் தூரம் வேணும், அதனால வளைவும் நெரிசலும் இல்லாத இடத்துல நல்லா பழகிட்டு அப்புறம் மெயின் ரோட்டுக்கு வாங்க.

மீட்டர் பத்தியும் ஒண்ணு. சக்கர சென்சார் வெச்ச மீட்டர்ல சக்கரச் சுற்றளவு 2096 மில்லிமீட்டர்னு 23 டயருக்கான நம்பரே பெரும்பாலும் கிடக்கும், 38 டயர் போட்ட ஹைபிரிட்டுக்கு அது 2180 இருக்கணும். மாத்தலைன்னா நீங்க 25ல போகும்போது அது 24ன்னு காட்டும். ரோட் பைக்ல கூடுற மூணு நாலு கிலோமீட்டர்ல ஒண்ணு அங்கேயே காணாம போச்சு.

ஃப்ரெண்டுகிட்ட ரோட் பைக் இருந்தா, உங்க உயரத்துக்கு பக்கமா இருந்தா, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் கேட்டு வாங்கி நீங்க தினமும் போற அதே வழியில ஓட்டிப் பாருங்க, அடுத்த நாள் காத்து நிரப்பி சீட் உயர்த்தின உங்க ஹைபிரிட்ல அதே நேரத்துக்கு போங்க. ரெண்டு நாளும் எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எழுதுங்க, நாப்பதாவது நிமிஷத்துல எங்க வலிச்சுதுன்னும் எழுதுங்க. அந்த பேப்பரோட வந்தீங்கன்னா எந்த வண்டின்னு முடிவு பண்ண எனக்கு பத்து நிமிஷம் போதும்.