கத்தரி உறையும் ஆவாரம்பட்டையும்

புளியங்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எலுமிச்சைக்குக் கவாத்து பண்ணும் கத்தரியை இடுப்பில் மாட்டிக்கொள்ள நானே ஒரு தோல் உறை தைத்தேன். நனைத்து, கத்தரியை உள்ளே வைத்து அமுக்கிக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும் என்றார்கள். காய்ந்ததும் பழையபடி தொளதொளவென்று ஆகிவிட்டது. தோலில் கோளாறா, என் கையிலா?"

தோலில்தான். நீங்கள் வாங்கியது குரோம் தோலாக, அதாவது குரோமிய உப்பில் பதனிட்ட தோலாக இருக்கும். பர்ஸ், கைப்பை, ஷூவின் மேல்பாகம் என்று கடைகளில் புழங்குவதில் பெரும்பகுதி அதுதான். உறைக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். நம் பக்கத்துக் கரிசலிலும் செம்மண் மேட்டிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடியின் பட்டைதான் ஒரு காலத்தில் தென்னாட்டுத் தோல் தொழிலுக்கே ஆதாரம். கடைசிக் கட்டத்தில் கடுக்காய் போடுவார்கள். இப்போது வாட்டில் என்ற வேல இன மரத்தின் பட்டைச் சாறு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் இந்த வகைத் தோல் கிடைக்கும்.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு மாதிரி ஒரு மூலக்கூறு. நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிமன் ஒன்றரை நானோமீட்டர். இவை சேர்ந்து நுண்ணிழைகளாகி, அவை சேர்ந்து நாராகி, எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன. பட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து இடைவெளியை நிரப்புகிறது. இழையை அது பிடித்துக்கொள்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பால். தனியாகப் பார்த்தால் நோஞ்சான் பிணைப்பு. எண்ணிக்கைதான் அதன் பலம்.

வடிவம் பிடிக்கிற வித்தை இங்கேதான் இருக்கிறது. தண்ணீரும் ஹைட்ரஜன் பிணைப்பு போடத் துடிக்கும் பொருள். தோலை நனைத்ததும் நீர் மூலக்கூறுகள் டானினுக்கும் இழைக்கும் நடுவே நுழைந்து பழைய பிடிகளை ஒவ்வொன்றாக விடுவிக்கின்றன. இழைகள் வழுக்கி நகரலாம். நீங்கள் அமுக்குகிற பக்கம் போய் உட்காரும். காயும்போது வெளியேறுகிற நீர் நுண்துளை ஈர்ப்பால் நார்களை நெருக்கி இழுத்துவிட்டுப் போகிறது. நெருங்கிய இடத்தில், புதிய பக்கத்து இழையோடு, பிணைப்புகள் மறுபடி விழுகின்றன. கத்தரியின் கைப்பிடி மேடு அப்படியே பதிந்துவிடும். குரோம் தோலில் குரோமிய அயனி கொலாஜனின் கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதிகளைப் பற்றியிருக்கிறது. அந்தப் பிடியைத் தண்ணீர் அவிழ்க்காது. இடைவெளியை அடைக்க டானினும் இல்லை. அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும்பும்.

எந்தத் தோல் என்று தெரியவில்லையா? ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு நறுக்கு வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு குறுகிக் கெட்டியாகிவிடும், ஏனென்றால் 70 முதல் 85 டிகிரிக்குள் அதன் முறுக்கு குலைந்துவிடுகிறது. நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் 100 டிகிரியையும் தாங்கும். வெட்டுவாயைப் பார்த்தாலும் ஓரளவு தெரியும்: பட்டைத் தோல் உள்வரை பழுப்பு, குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலச்சாம்பல்.

கொலாஜனின் அந்த மூன்றிழை முறுக்கின் புதிர் சென்னையில்தான் அவிழ்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 55இல் 'நேச்சர்' இதழில் அதை எழுதினார்கள். 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்தில் இருந்ததால் கொலாஜன் மாதிரிக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. 'இதனால் உடனே என்ன லாபம்' என்று கேட்டுத்தான் பணம் ஒதுக்குவோம் என்கிற இன்றைய போக்கில் அந்த வேலை நடந்திருக்குமா என்பது சந்தேகம். தோல் என்றாலே தீட்டு என்று சொல்லும் ஊர், அதே தோல் கட்டிய தவில் முழங்கினால்தான் சாமியை வெளியே தூக்குகிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.

இனி உறை. தோல் 3 மி.மீ. தடிமன் இருக்கட்டும், 2 மி.மீ. என்றால் நாளடைவில் தளரும். கத்தரி 6 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால், பின்துண்டு 6உடன் இருபக்கத் தையலுக்கு 2.4. முன்துண்டு மேட்டில் ஏறி இறங்க வேண்டும், ஆகவே அந்த 8.4உடன் இன்னொரு 2 செ.மீ.யும், தோலின் சொந்தத் தடிமனுக்கு அரை செ.மீ.யும் சேர்த்து 10.9. பலரும் இரண்டையும் ஒரே அளவில் வெட்டிவிட்டுக் கத்தரி நுழையவில்லை என்று முழிப்பார்கள். பெல்ட் வளையத்தைப் பின்துண்டின் மேல்நீட்டத்தை மடித்து முதலிலேயே தைத்துவிடுங்கள். அப்புறம் ஊசி போகாது. அலகு படும் ஓரத்தில் இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு தோல் பட்டி கொடுத்து ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கத்தரி முதலில் அறுப்பது உங்கள் நூலைத்தான். விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே, 4 மி.மீ.க்கு ஒரு துளை. மெழுகு பூசிய நூல், தையல் நீளத்தைப் போல ஏழெட்டு மடங்கு. இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்ற ஓட்டம் பிடித்து நிற்கும். அடியில் 5 மி.மீ. திறப்பு விடுங்கள், மண்ணும் நீரும் வடிய.

தைத்த உறையைக் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் குமிழி வருவது நிற்கும்வரை அமிழ்த்துங்கள். சூடான நீர் வேண்டாம். மேலே சொன்ன சுருக்கம் உறை முழுதுக்கும் வந்துவிடும், திரும்பாது. எடுத்துச் சற்று உலரவிட்டு, மேற்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்போது, பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றிய கத்தரியை உள்ளே தள்ளி, மழுங்கிய மரக்குச்சியால் ஓரங்களை அழுத்துங்கள். நகம் படக் கூடாது, பட்ட தடம் போகாது. அரை மணிக்கு ஒரு தரம் மறுபடி அழுத்த வேண்டும்.

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்க்காரர்கள் கவனிக்கவும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் வைத்தால் மேல்தோல் முதலில் காயும். உள்ளிருந்து வருகிற நீர் டானினை ஓரத்துக்கு இழுத்து வந்து, கறுத்து விறைத்து வெடிப்பு விடும். வெயிலும் வேண்டாம், காற்றும் வேண்டாம். வீட்டுக்குள் நிழலில் ஒன்றிரண்டு நாள்.

பிளாஸ்டிக் தாள் எதற்கு என்றால், இரும்பும் டானினும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை. கடுக்காயும் இரும்பும் கலந்து எழுத்துமை காய்ச்சியது இதே வேதியியலில்தான். கறை புதிதாக இருந்தால் புளியங்குடியில் மருந்துக்குப் பஞ்சமில்லை: எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலம் இரும்பைக் கவ்வி எடுத்துக்கொள்ளும். தடவி, உடனே தண்ணீரில் துடைத்துவிடுங்கள்.

முழுக்கக் காய்ந்த பிறகு எண்ணெய், அதுவும் துணியில் தொட்டு ஒரே பூச்சு. எண்ணெய் இழைகளுக்கு நடுவே போய் வழுக்கல் கொடுக்கும். அதிகமானால் பாடுபட்டுப் பிடித்த வடிவம் தளரும். மேலே தேன்மெழுகு போதும். பட்டைத் தோல் அமிலத்தன்மை உள்ளது, ஐப்பசி கார்த்திகையில் ஈரமும் இழுக்கும். அதனால் வேலை முடிந்ததும் கத்தரியை உருவித் துடைத்துத் தனியே வையுங்கள். உறையைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் ஆணியில் தொங்கவிட்டால் பூஞ்சை பிடிப்பது குறையும்.