நேற்று ராத்திரி குடித்தவர் இன்று காலை லாரி எடுக்கலாமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு தம்பி ஆங்கிலக் கடிதத்தை மடித்துப் பிடித்தபடி வந்தார். "அண்ணே, நான் குடிச்சுட்டு ஓட்டலண்ணே. குடிச்சது முந்தின நாள் ராத்திரி." இதையே சொல்லி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

சிங்கப்பூர்ச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் எப்போது குடித்தீர்கள் என்று கேட்பதில்லை. 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் ஆல்கஹால், அதே அளவு ரத்தமென்றால் 80 மில்லிகிராம். அதைத் தாண்டி வண்டி ஓட்டினால் குற்றம், அவ்வளவுதான். சிறுநீரில் மூன்று நாள் தெரியும், முடியில் மூன்று மாதம் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரோட்டில் நிறுத்தி ஊதச் சொல்வது மூச்சுக்குத்தான்.

தம்பியின் கணக்கைப் பாருங்கள். ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்து ஒரு மணி வரை நாலு பெரிய பாட்டில் பீர். அதில் சுமார் 100 கிராம் ஆல்கஹால் இருக்கும். 65 கிலோ ஆளுக்கு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் மணிக்கு 15 மில்லிகிராம் வீதம் இறங்கினால், காலை ஐந்தரைக்கும் 100 மில்லிகிராமை ஒட்டித்தான் நிற்கும். மொத்தமும் இறங்க மதியம் ஆகிவிடும். உடலுக்கு உடல் இது மாறும், சிலருக்கு இன்னும் மெதுவாக இறங்கும். கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். பச்சைத் தண்ணீர்க் குளியல், எலுமிச்சைச் சாறு, கோப்பி ஓ என்கிற கறுப்புக் காப்பி எதுவும் அதை அவசரப்படுத்தாது, முழித்திருக்க வேண்டுமானால் உதவும். தம்பி இவை மூன்றையும் செய்து, பல்லும் துலக்கி, பின்னால் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

35-க்குக் கீழே இருந்தால் தப்பித்தோம் என்றும் நினைக்காதீர்கள். வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தால் அளவு குறைவாக இருந்தாலும் வழக்குப் போடலாம். "ஊத மாட்டேன்" என்று அடம் பிடிப்பது அதைவிட மோசம், தக்க காரணமில்லாமல் மறுப்பதே தனிக் குற்றம். சாவியோடு லாரியில் ஏசி போட்டுத் தூங்குவதும் ஆபத்து. குடிபோதையில் வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்ததாகப் பிடிக்கலாம், ஓட்டுவதற்கு வாய்ப்பே இல்லை என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

ரோட்டில் ஊதியதில் தேறாவிட்டால் அங்கேயே கைது. பிறகு பெரிய மெஷினில் மறுபடி ஊத வேண்டும், நீதிமன்றத்தில் பேசுவது அந்த எண்தான். வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள், அது உங்கள் உரிமை. தூக்கம், பயம், பசி எல்லாம் சேர்ந்த நேரத்தில் "போட்டுட்டுப் போயிடலாம்" என்றுதான் தோன்றும். நீதிமன்றத்திலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். கேட்டு வாங்க வேண்டிய விஷயங்களை யாரும் தேடி வந்து சொல்வதில்லை. ஒரு கவுண்டரில் கேட்டால் அடுத்த கவுண்டரைக் காட்டுவார்கள், அங்கே போனால் இணையத்தில் பார்க்கச் சொல்வார்கள், அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும்.

முதல் தடவை என்றால் 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸ் குறைந்தது இரண்டு வருடம் போய்விடும். சிறைக்குப் போனால் அந்த இரண்டு வருடம் வெளியே வந்த நாளிலிருந்துதான் ஓடும். பெரிய பொறி இதற்கு அப்புறம்தான். இரண்டு வருடம் முடிந்ததும் பழைய லைசென்ஸ் உயிர் பெற்றுவிடும் என்று நம்பி ஓட்டுகிறார்கள். ஒரு வருடம், அதற்கு மேல் தடை என்றாலே அது செல்லாது. தியரியிலிருந்து எல்லாத் தேர்வையும் மறுபடி எழுதித்தான் வாங்க வேண்டும்.

வேலை பர்மிட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வழக்கு நடக்கும்போது பாஸ்போர்ட்டைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொள்ளலாம், முதலாளி பர்மிட்டையும் ரத்து செய்யலாம். அப்போது வேலையும் இல்லை, ஊருக்கும் போக முடியாது.

காலையில் லாரி எடுக்க வேண்டியவர் குடித்துவிட்டால், ராத்திரியே சூப்பர்வைசருக்கு "நாளைக்கு நான் ஓட்ட முடியாது, வேறு ஆளைப் போடுங்க" என்று மெசேஜ் போடுங்கள். திட்டுவார். போனில் மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். தம்பியின் சூப்பர்வைசர் காலையில் "பரவால்ல, மெதுவா ஓட்டிட்டு வா" என்றாராம். அது போனில் சொன்னது.