பெட்டியில் போட்டிருக்கும் 100 மீட்டரை நம்பாதீர்கள்: ஃப்ளாஷ் ட்ரிகர் வாங்குவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாணம், காவடி, கோயில் விழா என்று படம் எடுக்க வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, எந்த ட்ரிகர் நல்லது?" என்றுதான். நான் பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்பேன். உன்னிடம் என்ன ஃப்ளாஷ் இருக்கிறது? நீ யாரோடு சேர்ந்து வேலை செய்கிறாய், அவர்களிடம் என்ன இருக்கிறது? இந்த இரண்டும் தெரியாமல் ட்ரிகரைத் தனியாக நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

ட்ரிகர் என்பது கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவில் மாட்டுகிற டிரான்ஸ்மிட்டர். அது ஒரு ரேடியோ சமிக்ஞை அனுப்புகிறது. ஸ்டாண்டில் நிற்கும் ஃப்ளாஷ் அதைக் கேட்டு அடிக்கிறது. சங்கதி அவ்வளவுதான். ஆனால் ஒரு கம்பெனி பேசுகிற ரேடியோ மொழி இன்னொரு கம்பெனிக்குப் புரியாது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தாலும் கோடாக்ஸ் ட்ரிகர் யோங்னுவோ ஃப்ளாஷைத் தானாக எழுப்பாது, தனி ரிசீவர் வாங்கி மாட்ட வேண்டும். ஆகவே முதல் ட்ரிகரைத் தேர்ந்தெடுக்கும்போதே அடுத்த பல வருடங்களுக்கு வாங்கப்போகிற ஃப்ளாஷ்களையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். மருமகளைப் பார்க்கப் போய் சம்பந்தி வீட்டையும் சேர்த்துப் பார்ப்பது போலத்தான்.

சரி, தூரத்துக்கு வருவோம். பெட்டியில் 100 மீட்டர் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அது திறந்த வெளியில், இடையில் எதுவும் இல்லாமல் அளந்த கணக்கு. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு கல்யாண ஹாலில் உங்களுக்கு வேண்டியது 10, 15 மீட்டர். அந்தப் 15 மீட்டருக்குள்தான் தகராறே. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும். தாலி கட்டுகிற நேரத்தில் மணவறையைச் சுற்றி ஐம்பது பேர் எழுந்து நிற்கிறார்கள், உங்கள் ஃப்ளாஷ் அவர்களுக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அடிக்காது. மண்டபம் காலியாக இருந்தபோது காலையில் சோதித்துப் பார்த்ததெல்லாம் இங்கே உதவாது. ஃப்ளாஷைத் தலைகளுக்கு மேலே ஏற்றுங்கள். வெளிச்சமும் அழகாக விழும், சமிக்ஞையும் போய்ச் சேரும். மேடை அலங்காரத்தின் இரும்புச் சட்டத்தை ஒட்டி ஃப்ளாஷை வைக்காதீர்கள், ஒரு அடி தள்ளி வைத்தாலே சில சமயம் சரியாகிவிடும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு, பலருக்குத் தெரியாது. ட்ரிகரும் ஃப்ளாஷும் மிக அருகில், ஒரு மீட்டருக்குள் இருந்தாலும் அடிக்காமல் போகலாம். மிக வலுவான சமிக்ஞையில் ரிசீவர் திணறிவிடுகிறது. தாலி, மருதாணிக் கை என்று கிட்டே போய் எடுக்கும்போது இது வரும். கோடாக்ஸின் பல ட்ரிகர்களில் இதற்காகவே 0–30 மீட்டர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. ஹாலுக்குள் வேலை செய்யும்போது நான் அதிலேயே விட்டுவிடுகிறேன்.

2.4 கிகாஹெர்ட்ஸில் நீங்கள் மட்டும் இல்லை. ஹால் வைஃபை, புளூடூத், வீடியோக்காரர் மாப்பிள்ளை சட்டையில் குத்தியிருக்கும் வயர்லெஸ் மைக், வாசலில் பறக்கும் ட்ரோன், எல்லாம் அங்கேதான். வைஃபை பெரும்பாலும் 1, 6, 11 ஆகிய மூன்று சானல்களில் உட்கார்ந்திருக்கும். ட்ரிகரின் சானல் எண்கள் வேறு கணக்கு, ட்ரிகரில் 6 என்றால் வைஃபையின் 6 அல்ல. அதனால் எண்ணைப் பார்த்து ஒதுங்க முடியாது. காலியான சானலைத் தேடித் தருகிற ஸ்கேன் வசதி உள்ள ட்ரிகர் கிடைத்தால் அதையே எடுங்கள். ஹாலுக்குள் ஆட்கள் வந்த பிறகு ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த ஊரில் நான் அதிகம் பார்க்கிற கோளாறு வைஃபையால் வருவதில்லை. பக்கத்து ஃபோட்டோகிராஃபரால் வருகிறது! பெண் வீட்டார் ஒருவரை அழைத்திருப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் இன்னொருவரை, நடுவில் ஒரு சித்தப்பா மகன் புதுக் கேமராவோடு. பலரிடமும் ஒரே கம்பெனி ட்ரிகர், பெட்டியிலிருந்து எடுத்த மேனிக்குச் சானல் 1. அவர் பொத்தானை அழுத்தினால் உங்கள் ஃப்ளாஷ் அடிக்கும். நீங்கள் அழுத்தும்போது அது இன்னும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும், படம் இருட்டு. ட்ரிகர் கெட்டுவிட்டது என்று மறுநாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடாக்ஸின் எக்ஸ் வரிசையில் 32 சானல் போக 01 முதல் 99 வரை ஐடி என்று ஒன்று உண்டு. ட்ரிகரிலும் ஃப்ளாஷ்களிலும் ஒரே ஐடியை வைத்துவிட்டால், அதே சானலும் அதே ஐடியும் வைத்திருப்பவரைத் தவிர வேறு யாரும் உங்கள் விளக்கைத் தொட முடியாது. சில பழைய ஃப்ளாஷ்களில் இந்த வசதி இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் மெனுவைத் திறந்து பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

433 மெகாஹெர்ட்ஸ் ட்ரிகர்களும் சந்தையில் உண்டு. அலை நீளமானது, கூட்டத்தையும் சுவரையும் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாண்டும். ஆனால் கார் ரிமோட், வீட்டு கேட் ரிமோட் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். மால் பார்க்கிங்கில் கேட் ரிமோட்டை அழுத்திப் பிடித்துக் கார் பூட்டாதபடி செய்து திருடுகிற ஆட்களைப் பற்றி நம் ஊரில் தெரியாதவர் இல்லை. ரிமோட்டை அழுத்தினாலும் கதவைக் கையால் ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்கிறார்களே, அதே காரணம் உங்கள் ட்ரிகருக்கும் பொருந்தும். வண்டிகள் நிறைந்த ஹால் வாசலில் பெண்ணழைப்பு எடுக்கும்போது 433 சில சமயம் ஊமையாகிவிடும்.

அமெரிக்காவிலிருந்து வருகிற மாமாவிடம் ட்ரிகர் வாங்கி வரச் சொல்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாக்கெட்விசார்ட் என்கிற கம்பெனி ட்ரிகரின் அமெரிக்க மாடல் 340 முதல் 354 மெகாஹெர்ட்ஸுக்குள் வேலை செய்கிறது, ஐரோப்பிய மாடல் 433இல். வெளியே பார்த்தால் ஒரே மாதிரி, ஒன்றோடொன்று பேசாது. அமெரிக்க மாடல் அந்த நாட்டு விதிப்படி செய்தது. இங்கே ரேடியோ கருவிகளுக்கு இகாசாவின், அதாவது தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பின், அங்கீகாரம் வேண்டும். விலை மலிவு என்று கிரே இம்போர்ட்டில் (கம்பெனியின் அதிகாரபூர்வ விற்பனையாளர் வழியாக வராத சரக்கில்) எடுப்பதற்கு முன் இதையும் கணக்கில் சேருங்கள். 2.4இல் இந்த நாட்டுக்கு நாடு வித்தியாசம் பெரும்பாலும் இல்லை. நான் அந்தப் பக்கமே நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கேமராவையும் பாருங்கள். கேனன் 2000டி, 4000டி, 250டி ஆகியவற்றின் ஹாட் ஷூவில் நடு முனை கிடையாது. எல்லாக் கம்பெனிக் கேமராவுக்கும் பொது என்று விற்கும் ஒற்றை முனை ட்ரிகர் அதில் வேலை செய்யாது. புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கையில் அதிகம் இருப்பதும் இந்த மாதிரி கேமராக்கள்தான். கேனனுக்கென்றே செய்த டிடிஎல் (ஃப்ளாஷின் பலத்தைக் கேமராவே அளந்து வைக்கிற முறை) ட்ரிகராகப் பார்த்து, கடையிலேயே மாட்டி, ஒரு படம் சுட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. கோயிலுக்குள் சத்தம் வேண்டாம் என்று சைலன்ட் ஷட்டரை, அதாவது எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டிருப்பார்கள், வெளியே வந்ததும் மாற்ற மறந்துவிடுவார்கள். சோனி ஏ1, நிகான் இசட்9 போன்ற சில விலையுயர்ந்த கேமராக்கள் தவிர்த்து, பெரும்பாலானவற்றில் எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃப்ளாஷ் அடிக்காது. ட்ரிகரைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகம் சிங்க் எல்லையை (ஃப்ளாஷோடு சேர்ந்து வேலை செய்யும் அதிகபட்ச வேகத்தை) தாண்டியிருக்கிறது. மலிவான ட்ரிகர்கள் கொஞ்சம் தாமதமாகவும் சொல்லும். 1/200 எல்லை என்றால் 1/160க்கு இறங்கிவிடுங்கள். நண்பகலில் உம்ஷ்லாங்கா கடற்கரையில் ஜோடிப் படம் எடுப்பவர்களுக்கு ஹெச்எஸ்எஸ் (சிங்க் எல்லைக்கு மேலான வேகத்திலும் ஃப்ளாஷ் அடிக்க வைக்கும் வசதி) உள்ள ட்ரிகர் அவசியம். அதில் ஃப்ளாஷின் பலம் இரண்டு ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) மேல் குறையும், சூடும் ஏறும். ஹாட் ஷூவில் மாட்டும் சின்ன ஃப்ளாஷான ஸ்பீட்லைட்டை வைத்துக்கொண்டு சூரியனோடு போட்டி போட வேண்டாம். டிடிஎல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வெள்ளை வேட்டி, ஜரிகைப் புடவை, கருப்பு கோட்டு மாறி மாறி வரும் மேடையில் நான் பலத்தைக் கையாலேயே வைக்கிற மேனுவலில்தான் வைப்பேன்.

தாத்தா காலத்து ஃப்ளாஷை அலமாரியிலிருந்து எடுத்து மாட்டுகிறவர்கள் கவனம். 1970களின் விவிட்டார் 283 சிலவற்றில் ட்ரிகர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். கேமராவில் நேரே மாட்டினால் கேமராவின் மின்சுற்று போய்விடலாம். ரேடியோ ட்ரிகர் கேமராவைக் காப்பாற்றும், ஆனால் அந்த வோல்டேஜ் ரிசீவரின் தலையில் விழும். ஃப்ளாஷை முழுதாகச் சார்ஜ் செய்து, நடு முனைக்கும் பக்கத்து உலோகத்துக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்தால் எத்தனை என்று தெரிந்துவிடும். ரிசீவரின் கையேட்டில் எத்தனை வோல்ட் தாங்கும் என்று போட்டிருப்பார்கள், அதைத் தாண்டினால் அந்த ஃப்ளாஷைத் திரும்ப அலமாரியில் வையுங்கள்.

தைப்பூசக் காவடிக்கும் சித்திரைப் பருவக் காவடிக்கும் ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம். அருள் வந்து ஆடுகிறவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்? என் தங்கை மகன் ஒற்றைக் கால் ஸ்டாண்டான மோனோபாடில் ஃப்ளாஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பான். அப்போது ட்ரிகருக்கு வேண்டியது ஒன்றுதான்: பார்க்காமலே விரலால் பலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பெரிய டயல். தொடுதிரை ட்ரிகர்கள் கடையில் பார்க்க அழகாக இருக்கின்றன, ஜனவரி மாத டர்பன் வியர்வையில் விரல் வழுக்குகிறது. இரண்டு ஏஏ பேட்டரி போடுகிற மாடலா, உள்ளேயே லித்தியம் பேட்டரி உள்ளதா என்றும் பாருங்கள். நான் ஏஏ பக்கம். பை ஓரத்தில் ரீசார்ஜ் செய்த நாலு பேட்டரி இருந்தால் ஊர்வலத்தின் நடுவிலேயே மாற்றிக்கொள்ளலாம், பவர் பேங்க் வயரைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைய வேண்டியதில்லை.