கைப்பிடியை உயர்த்திய பின் பனிவண்டியின் ஸ்டீயரிங் தண்டு

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ள வால்கூர் என்ற சிற்றூரில், ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே 1959ஆம் ஆண்டு ‘ஸ்கி-டூ’ பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதை ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்தபடியே ஓட்டினார். கைப்பிடியும் அதற்கேற்பத் தாழ்வாகவே இருந்தது. பின்னாளில் ராக்கி மலைச்சரிவுகளின் ஆழமான மென்பனியில் ஓட்டத் தொடங்கியவர்கள் எழுந்து நின்று, உடல் எடையை ஒரு பக்கமாகச் சாய்த்து வண்டியைத் திருப்பப் பழகினார்கள். நின்றுகொண்டு ஓட்டுபவருக்குத் தாழ்ந்த கைப்பிடி முதுகை ஒடித்துவிடும். ஆகவே, கைப்பிடியின் திருப்பத்தை வண்டியின் முன்புறச் சறுக்குப் பலகைகளுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டீயரிங் தண்டின் தலைக்கும், ஹேண்டில்பார் எனப்படும் கைப்பிடிக் குழாய்க்கும் நடுவே ‘ரைசர்’ எனப்படும் அலுமினியக் கட்டையை வைத்து உயரத்தைக் கூட்டும் வழக்கம் பரவியது. நான்கு போல்ட்டுகளில் முடிந்துவிடும் வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு, சுமை கையிலிருந்து சட்டகத்துக்கு இறங்கும் விதம் மாறிவிடுகிறது. அதைக் கணக்கில் கொள்ளாமல் செய்யும் வலுவூட்டல் பெரும்பாலும் தேவையில்லாத இடத்தில்தான் போய்ச் சேருகிறது.

கைப்பிடியின் மீது இரண்டு வகையான விசைகள் செயல்படுகின்றன. சறுக்குப் பலகைகளைத் திருப்புவதற்காக நாம் கொடுக்கும் முறுக்கு ஒன்று. அதன் அளவைத் தீர்மானிப்பது கைப்பிடியின் அகலம் என்பதால், ரைசர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் இந்த முறுக்கு கூடுவதில்லை. மற்றொன்று, மேடு ஏறும்போதும் சரிவில் சாய்ந்து செல்லும்போதும் ஓட்டுபவர் தம் உடலைத் தாங்கிக்கொள்ளக் கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும் விசை. இது தண்டை வளைக்கப் பார்க்கிறது. உயரம் கூடினால் பெருகுவது இந்த இரண்டாவது விசையின் விளைவே.

தண்டைச் சட்டகத்தோடு பிடித்துச் சுழலவிடும் மேல்தாங்கியிலிருந்து (பேரிங்) கைப்பிடி 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றும், ஓட்டுபவர் 400 நியூட்டன் விசையுடன், அதாவது சுமார் 40 கிலோ எடையைத் தாங்கும் அளவுக்கு, அதைத் தள்ளுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். தாங்கியின் இடத்தில் விசையின் திருப்புத்திறன் 60 நியூட்டன் மீட்டர். 10 செ.மீ. ரைசரைப் பொருத்தினால் அது 100 ஆகிறது. இதைவிடக் கவனிக்க வேண்டியது தண்டின் வளைவு. ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் மறுமுனை விலகும் தூரம் நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது. 15 செ.மீ. 25 ஆகும்போது, அதே விசைக்குக் கைப்பிடி ஏறக்குறைய நாலரை மடங்கு அதிகமாக அசையும். உயர்த்திய பிறகு கைப்பிடி ‘தொளதொள’ என்றிருப்பதாகப் பலரும் சொல்வதற்கு இதுவே முதற்காரணம்.

அடுத்த காரணம் போல்ட்டுகளின் அடியில் இருக்கிறது. ரைசரின் அடிப்பாகத்தில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 3 செ.மீ. மட்டுமே இருந்தால், 10 செ.மீ. உயரத்தில் முன்னோக்கித் தள்ளும் 400 நியூட்டன், பின்வரிசைப் போல்ட்டுகளை 1,300 நியூட்டனுக்கும் அதிகமான விசையோடு மேலே இழுக்கிறது. நல்ல எஃகு போல்ட் இதற்காக அறுந்துவிடாது. ஆனால் போதிய இறுக்கம் இல்லாவிட்டால் ஒவ்வொரு தள்ளலிலும் இணைப்பு இம்மியளவு திறந்து மூடும், இரு பரப்புகளும் ஒன்றையொன்று உரசும், இறுக்கம் மேலும் குறையும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றிப் பார்த்தால், ஹேண்டில்பாரின் சொரசொரப்பான வரிப்பள்ளங்களில் கரிப்பொடி போன்ற கறுப்புப் படிவு ஒட்டியிருப்பதைக் காணலாம். அது வெளியிலிருந்து வந்த அழுக்கன்று, உரசித் தேய்ந்த அலுமினியத்தின் துகள். அந்தப் படிவு தெரிந்தால் அந்த வரிகளின் விளிம்பை விரல்நகத்தால் வருடி, விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். எஃகுக்கு, குறிப்பிட்ட எல்லைக்குக் கீழான சுமையை எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் சோர்ந்து விரிசல் விடாத தன்மை உண்டு. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது. சிறு சுமையும் போதிய தடவை திரும்பத் திரும்ப வந்தால் அதில் விரிசல் விழச் செய்துவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரைசர்களை அடுக்குவதை நான் ஏற்காததும் இதனால்தான்: உரசும் பரப்புகள் கூடுகின்றன. தேவையான உயரத்தில் ஒரே கட்டையாகச் செய்த ரைசரை வாங்கி, போல்ட்டுகளைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் மாறி மாறிச் சீராக இறுக்குவதே சரி.

தண்டை வலுப்படுத்தும் வழிகளில் மிகுந்த பயன் தருவது, தண்டைத் தடிமனாக்குவதைவிட, மேல்தாங்கியை உயர்த்துவதுதான். சட்டகத்திலிருந்து இரண்டு குழாய்களை முக்கோணமாக எழுப்பி, தாங்கியை 5 செ.மீ. மேலே கொண்டுபோனால், நாம் பார்த்த கணக்கில் 25 செ.மீ. 20 ஆகிறது, கைப்பிடியின் அசைவு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அதற்கு இடமில்லாத வண்டியில்தான் தண்டை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 22 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள குழாயின் உள்ளே இடைவெளியே இல்லாமல் எஃகை நிரப்பினால் எடை மூன்று மடங்காகும், விறைப்போ 1.8 மடங்குதான் ஆகும். சுவரை அப்படியே விட்டுவிட்டு விட்டத்தை மட்டும் 25 மி.மீ. ஆக்கினால், 15 சதவீத எடைக் கூடுதலுக்கே விறைப்பு ஒன்றரை மடங்காகிறது. நடுப்பகுதி 28.6 மி.மீ. பருமனும் முனைகள் 22.2 மி.மீ. பருமனுமாக ஹேண்டில்பார்கள் செய்யப்படுவதும் இந்த வடிவியலால்தான்: வளைவு மிகுதியாக விழுவது கிளாம்பின் ஓரத்தில், அங்கேதான் பருமன் தேவை.

வெல்டிங் செய்து உலோகப் பட்டை சேர்ப்பது எளிய தீர்வாகத் தோன்றும். வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்ற அலுமினியம், வெல்டிங் சூட்டில் அந்த வலிமையின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பதால், அலுமினியப் பாகங்களில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எஃகுத் தண்டிலும் பட்டை சட்டென்று முடியும் இடத்தில் விறைப்பு திடீரென மாறி, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். பட்டையின் முனையைக் கூராகச் சரித்து முடிக்க வேண்டும். மேலும், சாதாரணக் குறை கார்பன் எஃகுகள் பல கடுங்குளிரில் நெகிழ்வை இழந்து நொறுங்கக்கூடியவை. கொட்டகையின் கதகதப்பில் வளைந்து கொடுத்த பட்டை மலையுச்சியில் அப்படியே நடந்துகொள்ளும் என்று நம்ப முடியாது.

கைப்பிடி உயர்ந்ததும், எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் கேபிளும் பிரேக் குழாயும் நீளம் போதாமல் இழுபடும். முதல் ஓட்டத்துக்கு முன், வண்டியின் பின்பகுதியை ஸ்டாண்டில் உயர்த்தி நிறுத்தி, பின்னால் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கைப்பிடியை இடமும் வலமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது எஞ்சினின் ஓசை சற்றே உயர்ந்தாலும், கேபிள் எங்கோ இழுபடுகிறது. நீளமான கேபிளைப் பொருத்திய பிறகே வண்டியைப் பனியில் இறக்க வேண்டும்.