ஏலக்கூச்சலில் தவறிய எண்

விடிகாலையில் பாம்பன் கரையில் ஒரு கூடை கணவாய் ஏலத்துக்கு வருகிறது. ஏலம் கூறுபவர் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறார். சுற்றி நிற்கும் வியாபாரிகள் தலையசைக்கிறார்கள், விரலைக் காட்டுகிறார்கள். ஒரு கூடை முடிய அதிக நேரம் ஆகாது. பல ஆண்டுகளாக அங்கே மீன் எடுக்கும் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். கடைசித் தொகையைக் காதில் வாங்கி, மனத்தில் கணக்குப் போட்டு, அவர் கையைத் தூக்கும்போது கூடை வேறொருவருக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கண் மங்கியபோது அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று கண்டுபிடித்திருந்தார்கள். "அவளுக்கு இப்போதெல்லாம் மறதி" என்கிறார்கள் வீட்டில்.

இந்தப் பெண் என் கற்பனை. வீட்டார் சொல்லும் அந்தச் சொல்லோ ஊரெங்கும் கேட்பதுதான். அதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நம் அரசு ஆவணங்களில் இந்நோய்க்குத் 'தண்டுவட மரப்பு நோய்' என்று பெயர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் இதுவும் ஒன்று. சட்டத்தில் இடம் கிடைத்தது நல்லது. தமிழ்ப் பெயரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கேட்பவர்கள் முதுகெலும்புக் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் தண்டுவடத்தைப் போலவே மூளையிலும் சேதம் நடக்கிறது. 1868இல் இந்நோயைத் தெளிவாக விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ, நோயாளிகளின் நினைவு தளர்வதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அப்போதே குறித்திருக்கிறார். அதன் பிறகும் நெடுங்காலம் மருத்துவர்களின் கண் கால் தள்ளாட்டத்தில்தான் இருந்தது. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, ஆய்வுக்கு ஆய்வு 40 முதல் 65 விழுக்காடு வரை, சிந்தனைத் திறனில் ஏதாவது பாதிப்பு இருக்கிறது.

பழைய பாம்பன் பாலத்தில் ரயிலில் போனவர்களுக்கு இந்நோயை விளக்குவது எளிது. மானாமதுரையிலிருந்து ஓடிவந்த வண்டி, மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் ஊர்ந்து போகும். தண்டவாளம் அறுந்துவிடவில்லை, வண்டி ராமேசுவரம் போய்ச் சேரும், தாமதமாக. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை துண்டு துண்டாகப் பொதிந்திருக்கிறது. மின்குறிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவிப் போவதால், தடித்த இழைகளில் நொடிக்கு 100 மீட்டர் வரை பாய்கிறது. உறையே இல்லாத மெல்லிழைகளில் அது நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். எம்.எஸ்.இல் உடலின் எதிர்ப்பாற்றலே இந்த உறையைத் தாக்குகிறது. குறிப்பு தாமதப்படுகிறது, சில இடங்களில் நின்றே போகிறது. பாலத்து உவமை இதற்கு மேல் உதவாது, ஏனென்றால் மூளையின் மேலடுக்கான புறணியும், செய்திகள் கூடிப் பிரியும் சந்திப்பான தலாமசும் காலப்போக்கில் சுருங்குகின்றன.

ஆகவே முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் வேகம். நினைவு? சேர்த்துவைத்ததை இழப்பதைவிட, சேர்க்கும்போதே அரைகுறையாகச் சேர்ப்பதுதான் இங்கே பெரிய குறை. கூடுதல் முறை சொல்லி முழுமையாகக் கற்கவைத்தால், பிறகு கேட்கும்போது பலர் மற்றவர்களுக்கு இணையாகவே நினைவுகூர்கிறார்கள். ஏலக்கரைப் பெண் தொகையை மறக்கவில்லை. அது அவருக்குள் போய்ச் சேருவதற்குள் அடுத்த தொகை வந்துவிட்டது.

"இன்று என்ன கிழமை, இது எந்த ஊர்" என்று கேட்கும் முதியோர் மறதிச் சோதனைகளில் இவர் எளிதாகத் தேறிவிடுவார். கடிகாரம் வைத்துச் சோதித்தால்தான் பிடிபடும். ஒரு தாளின் மேற்பகுதியில் ஒன்பது குறிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை ஓர் எண். கீழே குறிகள் மட்டும் கலைந்து கிடக்கும். 90 நொடிகளில் எத்தனை குறிகளுக்குச் சரியான எண்ணைச் சொல்கிறார் என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான் சோதனை. வாயால் சொன்னால் போதும் என்பதால் கைநடுக்கம் கணக்கைக் கெடுக்காது. பார்வை தெளிவாக இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இதனுடன் ஒரு சொற்பட்டியலையும் சில உருவங்களையும் கற்றுத் திரும்பச் சொல்லும் பகுதிகளைச் சேர்த்து, 15 நிமிடத்தில் முடியும் ஒரு சிறு தொகுப்பைப் பன்னாட்டு வல்லுநர்கள் 2012இல் பரிந்துரைத்தார்கள். நோய் தெரிந்ததும் ஒரு முறை, பிறகு ஆண்டுக்கொரு முறை சோதிப்பது நல்லது. குறித்தேர்வில் 4 புள்ளி குறைந்தாலே அன்றாட வாழ்வில் அது தெரியும். பள்ளிப்படிப்பு குறைந்தவர்களுக்கு எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக வரும்; அவரை அவருடைய பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதே நியாயம்.

எந்த உடல்நிலையில் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம். ராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிப் போய், வரிசையில் காத்திருந்து எழுதும் தேர்வு, மூளையோடு சேர்த்துப் பஸ்ஸையும் அளக்கும். வெயில் இன்னொரு வில்லன். உடலை வருத்தி உழைத்தபின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்டாஃப் 1890இல் பதிவுசெய்தார்; உடல் சூடாவதுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. உறையிழந்த நரம்பு, உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே திணறும். மனச்சோர்வு, தூக்கமின்மை, பி12 குறைவு ஆகியவையும் மூளையை மந்தமாக்கும். சிறுநீர் அவசரத்துக்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின் போன்ற மாத்திரைகளும் அப்படித்தான். இவை சரிசெய்யக்கூடியவை என்பதால் முதலில் இவற்றைத் தேட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த மந்தத்தை நேரடியாக நீக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. அல்சைமர் நோய்க்குத் தரும் டோனபெசிலைச் சோதித்த ஆய்வின் முடிவு 2011இல் வந்தது, பலனில்லை. நோயின் தாக்குதலைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் மேற்கொண்டு சேதம் சேராமல் காக்க உதவும். பயிற்சியில் நம்பிக்கை தருவது கதை உத்தி: உப்பு, ஐஸ், தராசு, கோணி என்று தனித்தனியாக மனத்தில் ஏற்றாமல், உப்பு மூட்டை மேல் ஏறிய ஐஸ் உருகித் தராசை நனைத்தது, கோணியால் துடைத்தோம் என்று படமாகக் கோப்பது. ஐந்து வாரங்களில் பத்து அமர்வுகளாகக் கற்றுத்தந்து சோதித்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. பயின்றவர்களின் கற்றல் மேம்பட்டது. எல்லாப் பயிற்சியும் இப்படிக் கைகொடுப்பதில்லை. நோய் முற்றிவரும் வகையினர் 311 பேரை 6 நாடுகளில் சேர்த்து, கணினிப் பயிற்சியையும் உடற்பயிற்சியையும் இணைத்துப் பார்த்த ஆய்வில் (2023), பெயரளவுப் பயிற்சி பெற்றவர்களைவிட இரண்டையும் முறையாகப் பெற்றவர்களின் சிந்தனை வேகம் கூடவில்லை. உடற்பயிற்சி வேறு பல காரணங்களுக்காகத் தேவைதான்.

ஏலக்கரைப் பெண்ணுக்கு என்ன செய்யலாம்? செவுளைத் தூக்கி மீனின் தரம் பார்க்கும் கண் அவரிடம் அப்படியே இருக்கிறது. எவ்வளவு வரை போகலாம் என்பதை ஏலத்துக்கு முன்பே நிதானமாக முடிவுசெய்து தாளில் எழுதி, தொகை கேட்கும் வேலையை உடன் வரும் தங்கையிடம் விடலாம். வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால் போதும். சொன்னதை அவர் திரும்பச் சொல்லும் வரை பொறுக்க வேண்டும்.

ஆண்டுத் தேர்வுக்கு நாள் குறிக்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பலருக்கும் மதுரை போய்வர ஓய்வு கிடைக்கும். ஒரு தேர்வு கத்திரி வெயிலிலும் அடுத்தது மார்கழியிலும் நடந்தால், கூடிய மதிப்பெண்ணில் ஒரு பங்கு வாடைக்காற்றுக்குச் சொந்தமாகிவிடும். தடைக்காலம்தான் வசதி என்றால், முந்தின நாளே போய்த் தங்கி, ஒவ்வோர் ஆண்டும் அதே பருவத்தில், காலை முதல் ஆளாக உட்கார்ந்துவிடுங்கள்.