வெளிநாட்டில் ஆசிரியர் வேலை: ஏஜென்ட் நம்பகமானவரா என்று சரிபார்ப்பது எப்படி?

பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு ஈசிஎன்ஆர் வகை பாஸ்போர்ட், அதாவது வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட், கிடைக்கும். பி.எட். முடித்த எல்லோரும் இந்த வகைதான். சவூதி, குவைத், கத்தார், அமீரகம், ஓமன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு, அந்த அனுமதி தேவைப்படும் ஈசிஆர் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகும் கொத்தனாரோ ஓட்டுநரோ, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி பெற்ற பிறகே விமானம் ஏற முடியும். அதற்காக அவருடைய ஒப்பந்தமும் முதலாளியின் விவரமும் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகும். ஆசிரியருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அலைச்சல் மிச்சம்தான், ஆனால் அவருடைய ஆஃபர் லெட்டரை அரசு அதிகாரி எவரும் பார்த்திருக்க மாட்டார். அந்தச் சோதனையை அவரேதான் செய்துகொள்ள வேண்டும்.

முதலில் உரிமம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், 10ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்று (இதுதான் உரிமம்) இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் தொழிலை நடத்தக் கூடாது. ஆள் கேட்டு விளம்பரம் செய்வதையும் அந்தச் சட்டம் ஆள்சேர்ப்பில்தான் சேர்க்கிறது. பதிவுபெற்ற முகவர் தம் உரிம எண்ணை அலுவலகத்திலும் விளம்பரங்களிலும், சமூக ஊடகப் பதிவு உட்பட, காட்ட வேண்டும். ஜிஎஸ்டி எண், கம்பெனிப் பதிவு, சுவரில் பிரேம் போட்டு மாட்டிய ஐஎஸ்ஓ சான்றிதழ் எதுவும் இந்த உரிமத்துக்கு ஈடாகாது. டீக்கடைக்கும் ஜிஎஸ்டி எண் உண்டு.

எண் இருக்கிறது என்பதோடு திருப்தி அடைய வேண்டாம். வேறொருவரின் உண்மையான எண்ணைப் போட்டு விளம்பரம் செய்வது பழைய தந்திரம். இ-மைக்ரேட் தளத்தில் முகவர்கள் பட்டியலைத் திறந்து நிறுவனப் பெயர், முகவரி, உரிமம் முடியும் தேதி, நடப்பில் இருக்கிறதா அல்லது நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தப் பட்டியலில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து, உங்களிடம் பேசியவர் அங்கே வேலை செய்கிறாரா, அந்தப் பள்ளிக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஏஜென்ட் கொடுத்த எண்ணில் விசாரித்தால் பதில் சொல்லப்போவது அவரே. ‘நான் அவங்க சப்-ஏஜென்ட்’ என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சட்டவிரோத ஏஜென்டுகளின் பட்டியலும் அதே தளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாததை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்; அகப்பட்டவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள்.

பள்ளியே நேரடியாக எடுத்தால் முகவர் தேவையில்லை. அப்போது பள்ளியின் இணையதளத்தில் உள்ள தொலைபேசியில் அழைத்து, அந்தப் பாடத்துக்குக் காலியிடம் உண்டா என்று கேட்டால் பாதி சந்தேகம் தீரும். முதல்வரோ துறைத் தலைவரோ வீடியோவில் நேர்காணல் நடத்தி, மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லாமல் ஒரு நல்ல பள்ளி ஆசிரியரை எடுக்காது. வாட்ஸ்அப்பில் நாலு கேள்வி கேட்டுவிட்டு ‘செலக்டட்’ என்றால், அவர்களுக்குத் தேவை உங்கள் பணம்.

பணத்துக்கும் வரம்பு இருக்கிறது. பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய்; 18% ஜிஎஸ்டி சேர்த்து 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று கேட்பவர் அதற்கு ‘விசா செலவு’, ‘புராசஸிங்’ என்று எந்தப் பெயர் வைத்தாலும் கணக்கு ஒன்றுதான். அமீரகத்தில் ஆள்சேர்ப்புச் செலவை ஊழியரிடம் வாங்க 2021ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே தடை போடுகிறது. தனிநபரின் கணக்குக்கோ யூபிஐ எண்ணுக்கோ அனுப்பாமல், உரிமத்தில் உள்ள நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே செலுத்துங்கள்.

அதிகம் பேர் மாட்டுவது விசாவில். ‘விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்’ என்பதை ஒத்துக்கொண்டால் ஆபத்து முழுவதும் உங்களுடையது. பள்ளி கைவிட்டால் அமீரகத்தில் கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம். மாலத்தீவில் இறங்கியதும் கிடைக்கும் சுற்றுலா விசாவில் வேலை செய்ய முடியாது; வேலைக்கான அனுமதி நகல் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். விசாவில் உள்ள பதவியையும் பாருங்கள். ‘சேல்ஸ்’, ‘கிளார்க்’ என்று இருந்தால், ஆசிரியராகக் கல்வித் துறையின் ஒப்புதல் வாங்குவது சிக்கலாகும்.

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதே முக்கியம். அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை, முதல் ஐந்தாண்டுகள் வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஏற்றிக் காட்டினால் மாதச் சம்பளம் ஒன்றுதான், கிளம்பும்போது கிடைக்கும் தொகை சுருங்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, வீடும் விமான டிக்கெட்டும் யார் பொறுப்பு, பாதியில் விலகினால் என்ன பிடித்தம் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். போய் இறங்கியதும் சம்பளம் குறைந்த வேறொரு தாளை நீட்டுவது நடக்கக்கூடியது. அதனால் இங்கே கையெழுத்திட்ட பிரதியை வீட்டில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று வைத்துவிட்டுப் போங்கள்.

அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது சான்றிதழ்கள் உண்மையானவை என்று அதிகாரிகளிடம் முத்திரை வாங்க, அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால் எவை எவை என்று பட்டியலிட்டு ரசீது வாங்குங்கள். பணம் தகராறானால் அவற்றைப் பிடித்துவைத்து மிரட்டுவார்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. ‘உத்தரவாதத்துக்கு’ என்று அதைக் கேட்க ஏஜென்டுக்கு உரிமை இல்லை.

ஏமாந்துவிட்டால் இ-மைக்ரேட் தளத்திலும், சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், காவல் நிலையத்திலும் புகார் தரலாம். மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 1800 11 3090. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தில் வழக்குத் தொடர பொதுவாக மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பாதிக்கப்பட்டவரோ, அவர் சார்பில் பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. எனவே நண்பரையோ சங்கத்தையோ எழுதச் சொல்லாமல் உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். வங்கிப் பரிமாற்ற விவரம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் இணையுங்கள்.